பாபா போட்ட கணக்கும் அதன் அடுத்த வரிகளும்

மும்பையில் பாபா என்ற பெயரைத் தவிர்த்து வாழ முடியாது. கொலாபாவின் தென்கோடியில், நேவி நகருக்குள், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ள சாலை ஹோமி பாபா சாலை. செம்பூரைத் தாண்டினால் டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம். அதை ஒட்டிய அணுசக்தி நகரில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். (பாந்திராவிலும் குர்லாவிலும் இருக்கும் பாபா மருத்துவமனைகள் வேறொரு பாபாவின் பெயரைத் தாங்கியவை.) ஆனால் உலகெங்கும் துகள் இயற்பியலாளர்கள் அடிக்கடி உச்சரிக்கும் பாபா, கட்டடமும் அல்ல, சாலையும் அல்ல, ஒரு சூத்திரம். எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதிச் சிதறும் நிகழ்வுக்குப் 'பாபா சிதறல்' என்று பெயர். கேம்பிரிட்ஜில் இருந்த இளைஞர் ஹோமி பாபா அதை 1935-இல் கணக்கிட்டார். கட்டுரை 1936-இல் வெளியானது.

செம்பூரில் எங்கள் மேல்மாடியில் வசிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி இதைக் கேட்டதும் ஒரு கேள்வி எழுப்பினாள். "மாமா, 1935-லேயே விடை கிடைத்துவிட்டது என்றால், அதையே இன்னும் ஏன் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்?"

பாபா எழுதியது விடையின் முதல் வரி மட்டும்தான் என்பதே இதற்குப் பதில். அடுத்தடுத்த வரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பல மடங்கு கடினம். அவற்றை எழுதாமல், பல ஆயிரம் கோடி ரூபாய் செலவில் கட்டிய இயந்திரங்கள் தரும் எண்களுக்குப் பொருள் சொல்ல முடியாது. இதை விளக்கப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதமே போதும்.

மோதலில் அளப்பது எதை?

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், தரைக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்கள் எதிரெதிரே ஓடி மோதுகின்றன. ஒவ்வொரு மோதலிலும் என்ன பிறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எந்த நிகழ்வு எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்பதை மட்டும் சொல்லலாம். அந்த வாய்ப்பை ஒரு பரப்பளவாகக் குறிப்பது இத்துறையின் பழக்கம், குறுக்குப்பரப்பு என்பார்கள். அலகு பார்ன். ஒரு பார்ன் என்பது ஏறத்தாழ ஒரு பெரிய அணுக்கருவின் குறுக்குவெட்டுப் பரப்பு. அதில் லட்சம் கோடியில் ஒரு பங்கு பிகோபார்ன்.

13 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், துகள்களுக்கு நிறை தரும் புலத்தின் துகளான ஹிக்ஸ் போசான் பிறப்பதற்கான முக்கிய வழியின் குறுக்குப்பரப்பு ஏறத்தாழ 48.6 பிகோபார்ன். சுமார் 150 கோடி மோதல்களுக்கு ஒரு ஹிக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 48.6 அளந்து பெற்ற எண் அல்ல; காகிதத்திலும் கணினியிலும் கணக்கிட்ட எண். அளந்த எண் தனியே வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் இந்த இயற்பியலின் அன்றாட வேலை. ஒத்துப்போகாவிட்டால் இரண்டு வாய்ப்புகள்: இயற்கையில் நாமறியாத ஏதோ இருக்கிறது, அல்லது நம் கணக்கு போதவில்லை. இரண்டாவதை விலக்காமல் முதலாவதை அறிவிக்க முடியாது.

ஏன் தொடராக வருகிறது?

துகள்களின் அடிப்படைச் சமன்பாடுகள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றை நேரடியாகத் தீர்க்கும் வழி எவரிடமும் இல்லை. அதனால் ஒரு சிறிய எண்ணைப் பற்றிக்கொண்டு படிப்படியாக ஏறுகிறார்கள். எலக்ட்ரானும் ஃபோட்டானும் எவ்வளவு வலுவாகப் பிணைகின்றன என்பதைச் சொல்லும் பிணைப்பு மாறிலி ஏறத்தாழ 1/137. முதல் தோராயத்தில் ஒரு விடை. அடுத்த திருத்தம் 1/137 என்ற அளவில் சிறியது. அதற்கடுத்தது அதன் வர்க்கம். இப்படியே போகும்.

செம்பூரில் ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. முதலில் சொல்வது அடிப்படை விலை. பின்னால் உயர்மாடிக் கட்டணம், கார் நிறுத்துமிடம், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், சொசைட்டி வைப்புத்தொகை என்று ஒவ்வொன்றாக வரும். பின்னால் வருபவை முன்னால் வந்தவற்றைவிடச் சிறியவை என்றால் வாங்குபவர் தப்பித்தார். துகள் கணக்கிலும் அதே எதிர்பார்ப்புதான். அது நிறைவேறும் இடமும் உண்டு, நிறைவேறாத இடமும் உண்டு.

மிக அழகாக நிறைவேறிய இடம் எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன். முதற்படியில் விடை மிகச் சரியாக 1 (அதற்கேற்ற அலகில்). 1948-இல் ஜூலியன் ஷ்விங்கர் முதல் திருத்தத்தைக் கணக்கிட்டார்: 1/137-ஐ இரண்டு பையால் (2π) வகுக்க வேண்டும், அவ்வளவுதான். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், 0.00116 வரும். இன்றைய அளவீடு 1.00115965218 என்று போகிறது. ஒரே ஒரு திருத்தத்தில் இவ்வளவு அருகில் வந்துவிட்டோம்.

மிச்சமுள்ள இலக்கங்களைப் பிடிப்பதற்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியிலும் நடக்கக்கூடிய எல்லா வழிகளையும் படமாக வரைவது ரிச்சர்ட் ஃபைன்மன் கொடுத்த முறை. ஒரு கோடு ஒரு துகள். கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு முனைக்கும் பிணைப்பின் ஒரு காரணி. எலக்ட்ரானின் காந்தத்துக்கு முதல் திருத்தத்தில் ஒரே படம். இரண்டாவதில் 7. மூன்றாவதில் 72. நான்காவதில் 891. ஐந்தாவதில் 12,672. ஜப்பானியரான கினோஷிதாவும் அவர் குழுவினரும் ஐந்தாவது படியை 2012-இல் முடித்தார்கள்.

வளையமும் முடிவிலியும்

பாபா கணக்கிட்டபோது ஃபைன்மன் படங்கள் பிறக்கவில்லை. இன்றைய மொழியில் சொன்னால் அவர் இரண்டு படங்களைக் கூட்டினார். ஒன்றில் எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஒரு ஃபோட்டானைப் பரிமாறிக்கொண்டு விலகுகின்றன. மற்றதில் இரண்டும் அழிந்து ஃபோட்டானாகின்றன. அந்த ஃபோட்டான் மீண்டும் எலக்ட்ரான்-பாசிட்ரான் இணையாகிறது. முடிவில் இரண்டும் ஒரே தோற்றம் என்பதால் எது நடந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனவே வாய்ப்புகளைக் கூட்டக் கூடாது. வர்க்கப்படுத்தினால் வாய்ப்பைத் தரும் எண்களான வீச்சுகளைக் கூட்டிப் பிறகு வர்க்கப்படுத்த வேண்டும். இரண்டாவது வழியையும் சேர்க்க வேண்டும் என்று பாபா காட்டியதில்தான் அவர் பெயர் நிலைத்தது.

அடுத்த படியில், போகும் ஃபோட்டான் வழியில் ஒரு கணம் எலக்ட்ரான்-பாசிட்ரான் இணையாகப் பிரிந்து மறுபடி ஒன்றுசேரலாம். படத்தில் இது ஒரு வளையம். வளையத்துக்குள் சுற்றும் துகளுக்கு எவ்வளவு உந்தம் என்று வெளியிலிருந்து எதுவும் நிர்ணயிப்பதில்லை. ஆகவே எல்லா மதிப்புகளுக்கும் கூட்ட வேண்டும், அதாவது தொகையிட வேண்டும். நேரமும் வெளியும் சேர்ந்து நான்கு பரிமாணம் என்பதால் ஒரு வளையத்துக்கு நான்கு தொகையீடுகள். மூன்று வளையத்துக்குப் பன்னிரண்டு.

1930களில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு விடை முடிவிலி என்று வந்தது. எல்லையற்ற உந்தம் வரை கூட்டினால் அப்படித்தான் வரும். டோமோனாகா, ஷ்விங்கர், ஃபைன்மன் மூவரும் 1940களின் பிற்பகுதியில் வழி கண்டார்கள்: எலக்ட்ரானின் நிறை, மின்னூட்டம் என்று நாம் அளப்பவற்றிலேயே இந்த வளையங்களின் பங்கு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. விடையை அளந்த நிறையாலும் அளந்த மின்னூட்டத்தாலும் எழுதினால் முடிவிலிகள் மறைகின்றன. மூவருக்கும் 1965-இல் நோபல் பரிசு.

அதோடு தொல்லை தீரவில்லை. மறுமுனையிலும் ஒரு முடிவிலி இருக்கிறது. எனக்கு அதுதான் சுவையானது. மிக மிகக் குறைந்த ஆற்றலுள்ள ஃபோட்டான் வளையத்தில் சுற்றும்போதும் விடை வெடிக்கிறது. அதே அளவு ஆற்றலுள்ள ஃபோட்டானை எலக்ட்ரான் வெளியே உமிழும் நிகழ்வைத் தனியே கணக்கிட்டால் அதுவும் வெடிக்கிறது, எதிர்க்குறியுடன். இரண்டையும் கூட்டினால் மிஞ்சுவது ஒழுங்கான எண். ஏன்? அவ்வளவு மென்மையான ஃபோட்டானை எந்தக் கருவியும் காணாது. "ஃபோட்டானே வெளிவரவில்லை" என்பதும் "கண்ணுக்குத் தெரியாத ஃபோட்டான் ஒன்று வந்தது" என்பதும் அளப்பவருக்கு ஒன்றுதான். அளக்க முடியாத வேறுபாட்டைப் பற்றிக் கேட்டால் கோட்பாடு முடிவிலி என்று சொல்லிவிடுகிறது. அளக்கக்கூடிய கேள்வியாகத் திருத்திக் கேட்டால் பதில் தருகிறது. இதை பிளாக்கும் நார்ட்சீக்கும் 1937-லேயே கண்டார்கள். கினோஷிதா, லீ, நௌவன்பர்க் ஆகியோர் 1960களில் பொதுத் தேற்றமாக்கினார்கள்.

நடைமுறையில் இந்த முடிவிலிகளைக் கையில் பிடித்துவைக்க ஒரு உத்தி உண்டு. நான்கு பரிமாணத்தில் கணக்கிடாமல், நான்கிலிருந்து கொஞ்சம் குறைந்த பரிமாணத்தில் கணக்கிடுவார்கள். அந்தக் குறைவு மிகச் சிறியது என்றால் முடிவிலி, அந்தச் சிறிய எண்ணால் ஒன்றை வகுத்த பின்னமாகத் தலைகாட்டும். எல்லாப் பகுதிகளையும் கூட்டியதும் அந்தப் பின்னங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட வேண்டும். போகாவிட்டால் எங்கோ தவறு செய்திருக்கிறீர்கள். இந்த உத்தியை 1972-இல் செதுக்கிக் கொடுத்தவர்களுள் முக்கியமானவர்கள் டச்சுக்காரர்களான 'ட ஹூஃப்டும் வெல்ட்மனும். 1999-இல் நோபல் பெற்றார்கள்.

நியூட்ரினோக்களை எண்ணிய கதை

இப்போது மாணவியின் கேள்விக்கு நேரடியாக வரலாம். செர்னில் இன்றைய இயந்திரத்துக்கு முன்பு, அதே சுரங்கத்தில், 1989 முதல் 2000 வரை எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதுவி ஒன்று இயங்கியது. அது தந்த பெரும் விடைகளில் ஒன்று: எதிலும் எளிதில் படாமல் ஊடுருவிப் போகும் துகள்களான நியூட்ரினோக்களில், இலேசானவை எத்தனை வகை? மெல்விசையைக் கடத்தும் துகளான இசட் போசான் எவ்வளவு அடிக்கடி பிறக்கிறது என்று எண்ணினால், நியூட்ரினோக்களாகச் சிதைந்து காணாமல் போகும் பங்கிலிருந்து இதைக் கண்டுபிடிக்கலாம். எண்ணுவதற்கு முன், மொத்தம் எவ்வளவு மோதல் வாய்ப்பு இருந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு நன்றாகத் தெரிந்த ஒரு நிகழ்வை அளவுகோலாக வைக்க வேண்டும். அந்த அளவுகோல் பாபா சிதறல்.

1936-ஆம் ஆண்டுச் சூத்திரத்தை அப்படியே வைத்தால் போதாது. அளவீடு ஆயிரத்தில் ஒரு பங்கைவிடத் துல்லியமாக இருந்தது. எனவே உமிழப்படும் ஃபோட்டான்கள், வளையங்கள் எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு வேண்டும். அன்றைய மிகச் சிறந்த கணக்கின் பிழை 0.061 சதவீதம். அதை வைத்து 2006-இல் வெளியான இறுதி விடை: 2.984, கூட்டல் கழித்தல் 0.008. மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. பிழையின் இரண்டு மடங்கு தள்ளி. பெரிய விலகல் இல்லை. ஆனால் உறுத்தும் விலகல். புதிய இயற்பியலாக இருக்குமோ என்று சிலர் கட்டுரை எழுதவும் இடம் கொடுத்தது.

2019, 2020-ஆம் ஆண்டுகளில் இரண்டு திருத்தங்கள் வந்தன. எதிரே வரும் கற்றையின் மின்புலம் சிதறிய எலக்ட்ரான்களைச் சற்று வளைக்கிறது என்பது ஒன்று. பாபா சிதறலின் உயர்படிக் கணக்கு மேம்பட்டு அதன் பிழை 0.037 சதவீதமாகக் குறைந்தது என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்ததும் விடை 2.996 ஆனது, பிழை 0.007. உறுத்தல் போய்விட்டது. இயந்திரத்தை நிறுத்திப் பிரித்துப்போட்டு இருபது ஆண்டுகள் ஆன பிறகு, ஒரு புதிய மோதலும் இல்லாமல், அதன் விடை திருந்தியது.

புரோட்டானுக்குள் போனால்

எலக்ட்ரான்கள் நல்ல பிள்ளைகள். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளையும் குளுவான்களையும் பிடித்திருக்கும் வலுவிசை அப்படியல்ல. அதன் பிணைப்பு மாறிலி இசட் போசானின் ஆற்றலில் ஏறத்தாழ 0.118; அதாவது 1/137 அல்ல, எட்டில் ஒரு பங்குக்கும் ஒன்பதில் ஒரு பங்குக்கும் இடையில். ஆற்றல் குறையக் குறைய இது பெருகும், கூடக் கூடச் சிறுக்கும். 1973-இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் கண்ட இந்தப் பண்புக்கு 2004-இல் நோபல். அது இல்லாவிட்டால் மோதுவிகளில் இந்தத் தொடர் முறையே செல்லாது.

முதலில் சமத்தான எடுத்துக்காட்டு. எலக்ட்ரானும் பாசிட்ரானும் அழிந்து குவார்க்குகளாகும் வாய்ப்பு. முதற்படி விடையை 1 என்று வைத்து, 0.118-ஐப் பையால் வகுத்து வரும் 0.0376-ஐ 'க' என்று அழைப்போம். ஐந்து வகைக் குவார்க்குகளுக்குத் தொடர் இது:

1 + க + 1.41 க² − 12.8 க³ − 80 க⁴

கால்குலேட்டரில் போட்டால் 1, பிறகு 0.0376, பிறகு 0.0020, பிறகு கழித்தல் 0.0007, பிறகு கழித்தல் 0.0002. மொத்தம் 1.0387. திருத்தங்கள் ஒழுங்காகச் சுருங்குகின்றன. ஆனால் பெருக்கும் எண்களைப் பாருங்கள்: 1, 1.41, 12.8, 80. அவை வளர்கின்றன. என்றாவது ஒரு படியில் இந்த வளர்ச்சி 'க'வின் சிறுமையை வென்றுவிடும். தொடர் அதன் பிறகு உதவாது. மின்காந்தத் தொடருக்கே இந்த நிலைதான் என்று ஃப்ரீமன் டைசன் 1952-இல் வாதிட்டார். அதுவரை எழுதும் வரிகள் பயன் தருகின்றன என்பதால் யாரும் கவலைப்படவில்லை. எனக்கு இது இன்றும் வியப்புத்தான்.

அந்தக் கழித்தல் 12.8-க்கு ஒரு கதை உண்டு. 1988-இல் முதலில் வெளியான விடை பெரிய கூட்டல் எண்ணாக இருந்தது. 1991-இல் அதே குழுவும் தனியாக வேறொரு குழுவும் திருத்திக் கணக்கிட்டபோதுதான் கழித்தல் வந்தது. இன்று பெரிய கணக்கு எதையும் குறைந்தது இரண்டு குழுக்கள் வெவ்வேறு வழியில் செய்து ஒப்பிடும் வரை துறையினர் முழுதாக நம்புவதில்லை. சரியான பழக்கம்.

ஹிக்ஸ்: சொன்ன விலையும் கொடுத்த விலையும்

இப்போது சமத்தில்லாத எடுத்துக்காட்டு. ஹிக்ஸ் போசான் நிறையுள்ள துகள்களோடு பிணைவது. குளுவானுக்கு நிறை இல்லை. ஆனாலும் புரோட்டான்களில் குளுவான்களே மிகுதி என்பதால், இரண்டு குளுவான்கள், குவார்க்குகளிலேயே மிகக் கனமான டாப் குவார்க்கின் வளையம் ஒன்றின் வழியே ஹிக்ஸை உண்டாக்குவதே பெருவழி. ஆகவே முதற்படியிலேயே ஒரு வளையம். இது 1978-இல் கணக்கிடப்பட்டது. அடுத்த படி 1991-இல். அதற்கடுத்தது 2002-இல் இரண்டு குழுக்களால். 2003-இல் மூன்றாவது குழு வேறு வழியில் உறுதிசெய்தது. அந்த மூவரில் ஒருவர் வி. ரவீந்திரன், இன்று சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். நான்காம் படி 2015-இல் முடிந்தது.

13 டெரா எலக்ட்ரான் வோல்ட்டில் ஒவ்வொரு படியின் பங்கு இது. முதற்படி 16 பிகோபார்ன். இரண்டாம் படி கூட்டியது ஏறத்தாழ 20.8. ஆம், அடிப்படை விலையைவிட முத்திரைத் தீர்வை அதிகம். மூன்றாம் படி 9.6. நான்காம் படி 1.5. குவார்க் நிறைகளால் வரும் திருத்தம், மின்மெல் விசையின் (மின்காந்த விசையும் மெல்விசையும் சேர்ந்தது) பங்கு ஆகிய சில்லறைகளைச் சேர்த்து மொத்தம் 48.58. முதற்படியோடு நின்றிருந்தால் உண்மையில் மூன்றில் ஒரு பங்கைச் சொல்லிக்கொண்டிருப்போம். பிறகு அளவீடு மூன்று மடங்கு வந்தபோது புதிய இயற்பியல் என்று கொண்டாடியிருப்போம்.

ஏன் இப்படி? முன்பு பார்த்த தொடரில் 'க'வைப் பெருக்கிய எண் 1. இங்கே இரண்டாம் படியில், கூடுதல் குளுவான் எதுவும் வெளியேறாத பகுதியில் மட்டும், பெருக்கும் எண் பையின் வர்க்கமும் ஐந்தரையும் சேர்ந்த 15.4. அதுவே பாதிக்கு மேல் கூட்டிவிடுகிறது. குளுவான்கள் குவார்க்குகளைவிட அதிக 'நிற மின்னூட்டம்' (வலுவிசைக்கான மின்னூட்டம்) தாங்குவதால் மென்மையான குளுவான்களைத் தாராளமாக உமிழ்கின்றன. மீதி அங்கிருந்து வருகிறது.

நான்காம் படியைச் செய்தவர்கள் டாப் குவார்க் எல்லையற்ற கனமுள்ளது என்று வைத்துக்கொண்டார்கள். அப்போது டாப் வளையம் ஒரு புள்ளியாகச் சுருங்கி, கணக்கில் ஒரு வளையம் குறைகிறது. அப்படிக் குறைத்த பிறகும் ஏறத்தாழ ஒரு லட்சம் படங்கள், 50 கோடிக்கு மேற்பட்ட தொகையீடுகள். இவற்றை ஒவ்வொன்றாகச் செய்யவில்லை. பள்ளியில் படிக்கும் பகுதித் தொகையீடு நினைவிருக்கும். அதை வளையத் தொகையீடுகளுக்குப் பயன்படுத்தினால் ஒன்றை மற்றொன்றோடு இணைக்கும் சமன்பாடுகள் கிடைக்கின்றன. 1981-இல் ரஷ்யர்களான செட்டிர்கினும் திகாச்சோவும் காட்டியது. கோடிக்கணக்கான சமன்பாடுகளைக் கணினியில் ஒழுங்காக நீக்கிக்கொண்டே போகும் முறையை இத்தாலியரான லபோர்ட்டா 2000-இல் வகுத்தார். ஹிக்ஸ் கணக்கில் இவ்வாறு சலித்து மிஞ்சியவை ஆயிரத்துச் சொச்சம் அடிப்படைத் தொகையீடுகள் மட்டுமே. அவற்றுக்கு மனிதர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது.

பிழை என்று போடுவது எது?

அளவீட்டில் பிழை எப்படி வருகிறது என்று எவருக்கும் சொல்லிவிடலாம். எழுதாத வரியின் மதிப்பை எப்படிச் சொல்வது? இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கணக்கில் 'மதிப்பிடும் ஆற்றல்' என்று ஒன்றை நாமே தேர்ந்தெடுக்கிறோம். பிணைப்பு மாறிலியை எந்த ஆற்றலில் எடுப்பது என்பது அது. முழுத் தொடரையும் கூட்டினால் விடை இந்தத் தேர்வைச் சார்ந்திருக்கக் கூடாது. பாதியில் நிறுத்துவதால் சார்ந்திருக்கிறது. ஆகவே அந்த ஆற்றலை இரண்டால் பெருக்கியும் இரண்டால் வகுத்தும் பார்த்து, விடை எவ்வளவு ஆடுகிறதோ அதைப் பிழை என்று போடுகிறார்கள்.

இது அளவீட்டுப் பிழை போன்றதல்ல. எழுதாத வரியைப் பற்றிய நாகரிகமான ஊகம். ஹிக்ஸ் கணக்கில் முதற்படியில் இந்த ஆட்டம் 15 சதவீதம் என்று காட்டியது. அடுத்த வரியோ விடையை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தியது. மூன்றாம் படியில் ஆட்டம் 9 சதவீதம், நான்காம் படி அதற்குள் அடங்கியது. நான்காம் படியில் ஆட்டம் 2 சதவீதம். அதாவது முறை கீழ்ப்படிகளில் ஏமாற்றுகிறது, மேலே போகப் போக நம்பத்தக்கதாகிறது. ஒரே ஒரு படியை மட்டும் கணக்கிட்டுவிட்டு ஒரு பட்டையை வரைந்து காட்டும் படங்களைப் பார்த்தால் நான் அந்தப் பட்டையை நம்ப மாட்டேன்.

புரோட்டானுக்குள் குளுவான்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பது வேறு ஒரு நிச்சயமின்மை. அதைக் கோட்பாட்டிலிருந்து நேரடியாக எடுக்க முடியாது; பழைய மோதல்களிலிருந்து பொருத்தி எடுக்க வேண்டும். 48.58-இல் இதுவும் வலுவிசை மாறிலியும் சேர்ந்து ஒன்றரை பிகோபார்ன் அளவுக்கு நிச்சயமின்மையைக் கொண்டுவருகின்றன.

எண்கள் இன்று எங்கே நிற்கின்றன?

செர்னில் மோதல்களைப் பதிவுசெய்யும் பெரிய ஆய்வுகளுள் ஒன்றான சி.எம்.எஸ்.-க்கும் மும்பைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கொலாபாவின் டாடா நிறுவனத்தினர் அதன் வெளிப்புற ஹாட்ரான் ஆற்றல்மானியை (குவார்க்குகளால் ஆன துகள்களின் ஆற்றலை அளக்கும் கருவி) உருவாக்கியதில் பங்கேற்றார்கள். அந்த ஆய்வின் தரவைச் சேமித்துப் பகுக்கும் கணினி மையம் ஒன்றும் அங்கே இருக்கிறது. 2017 முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடு.

அந்த ஆய்வு, அளந்த ஹிக்ஸ் எண்ணிக்கையைக் கணக்கிட்ட எண்ணிக்கையால் வகுத்து வெளியிடுகிறது. கோட்பாடு சரி என்றால் 1 வர வேண்டும். 2012-இல் ஹிக்ஸை அறிவித்தபோது வந்தது 0.87, பிழை 0.23. 2022-இல் வந்தது 1.002, பிழை 0.057. அந்த 0.057-ஐப் பிரித்துப் பார்த்தால்: போதிய எண்ணிக்கை இல்லாததால் வருவது 0.029, கருவிகளால் வருவது 0.033, கோட்பாட்டுக் கணக்கால் வருவது 0.036. மூன்றில் பெரியது கடைசியில் உள்ளது. மேலும் பத்து ஆண்டுகள் மோதவிட்டு எண்ணிக்கையைப் பெருக்கினால் முதல் எண் சுருங்கும். கடைசி எண் தானாகச் சுருங்காது.

இன்னும் கடினமான இடம், மோதலில் இரண்டு அல்ல, மூன்று பொருட்கள் வெளிவரும் நிகழ்வுகள். அங்கே ஒவ்வொரு தொகையீடும் பல மாறிகளைச் சார்ந்திருக்கிறது. 2021-இல்தான் மூன்று ஜெட்கள் (ஒரே திசையில் கொத்தாகப் பாயும் துகள் தாரைகள்) பறக்கும் நிகழ்வுக்கு மூன்றாம் படிக் கணக்கு கிடைத்தது. அதைக் கொண்டு செர்னின் அட்லஸ் ஆய்வு 2023-இல் வலுவிசை மாறிலியை 0.1175 என்று எடுத்தது. அளவீட்டால் வந்த பிழை 0.0006. கோட்பாட்டால் வந்த பிழை மேற்பக்கம் 0.0034, கீழ்ப்பக்கம் 0.0017. மூன்று ஜெட்களுக்கு நான்காம் படியை இதுவரை எவரும் கணக்கிடவில்லை.